யாருக்கு ஊற்றிய முட்டை

என் அண்ணன் ஓரெஸ்தே நண்டைத் திருப்பிப் போட்டு ஒரு பார்வை பார்ப்பார். இது நாளைக்கு ஓடு கழற்றும், இது அடுத்த வாரம், இது இந்த வருஷம் கழற்றவே கழற்றாது என்று மூன்று கூடையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். கை ஓயாது, வாய் திறக்காது. பத்து வயதில் அப்பாவோடு படகில் ஏறினவர். வெனிஸ் காயலில் அவர் கண்ணுக்கு மிஞ்சின கண் இல்லை என்று எங்கள் ஜூதேக்கா தீவில் மற்ற நண்டுக்காரர்களே சொல்லுவார்கள்.

ஓடு கழற்றின நண்டு தண்ணீரில் சில மணி நேரம்தான் மெத்தென்று இருக்கும், வெளியே எடுத்துவிட்டால் கெட்டியாகாது. அப்படியே முழுசாகத் தின்னலாம். அதற்குள் எடுக்காவிட்டால், பெட்டியில் கூடவே கிடக்கிற கெட்டி நண்டுகள் அதைப் பிய்த்துத் தின்றுவிடும். அதனால் அண்ணன் விடியற்காலையில் ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம், சாயங்காலம் என்று தண்ணீரில் மிதக்கவிட்ட பலகைப் பெட்டிகளை இழுத்து இழுத்துப் பார்ப்பார். வசந்தத்தில் இரண்டு மாதம், இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம். மற்ற நாளில் சாதாரண மீன் பிடிப்பு.

அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, அவர் தேடவில்லை. புனித யூபேமியா அம்மாள் கோவிலில் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருவது என் வேலை. இருபது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். என் கையால் அவர் சாப்பிடுவதும், கடைசி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைப்பதும் எனக்குப் போதுமாக இருந்தது. இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்கள் கரையில் நீவெஸ் நடத்தின ஒயின் கடைக்கு நாலே மேசை. பளிங்குக் கல் மேடை ஒன்று, அதன் பின்னால் பீப்பாய்கள், அதற்கும் பின்னால் ஒரு முழ அகலத்தில் சமையலறை. புருஷன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனபிறகு அவளே ஊற்றினாள், அவளே சமைத்தாள். பலகையில் எழுதிப் போடுவதெல்லாம் இல்லை. அன்றைக்குக் காயலும் தோட்டமும் என்ன கொடுத்ததோ அது. குளிரில் கருவாட்டு விழுது, கார்த்திகை வாக்கில் புது ஒயினும் சுட்ட கொட்டையும், மார்ச் மாதத்தில் வேலியோரக் கொடித் தளிர் போட்ட முட்டை அடை. பட்டாணி வந்த அன்றைக்குப் போனால் பட்டாணி, மறுநாள் போனால் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும், தவக்காலமானால் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, அண்ணனும் நானும் ஆறரை மணிக்கு அங்கே போவோம். ஜன்னலோர மேசை எங்களுடையது. அண்ணனுக்கு ஒரு சின்னக் கிளாஸ் வெள்ளை ஒயின், கேட்காமலே வரும்.

அந்தக் கேட்காமலே வருகிற கிளாஸை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. அந்த வருஷம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகுதான் கண்ணில் பட ஆரம்பித்தது. அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவினார். வாசனை சோப்பு வாங்கினார். ஒரு நாள் நான் மத்தி மீனை வெங்காயமும் காடியும் போட்டு ஊறவைத்துக் கொடுத்தபோது, "நீவெஸ் வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் மெலிசா அரியறா" என்றார். இருபது வருஷத்தில் என் வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்.

அன்று ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். உதடு அருள் நிறைந்த மரியே சொல்லிற்று. மனசு வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தது.

இனி முட்டைக் கதையைச் சொல்ல வேண்டும். மெத்து நண்டை உயிரோடு, அடித்த முட்டையில் போட்டு மூடி வைப்பார்கள். இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் அது முட்டையைக் குடித்துக் கொழுத்துவிடும். பிறகு மாவில் புரட்டி எண்ணெயில் போட்டால் உள்ளே மஞ்சளாக, அடை மாதிரி இருக்கும். முட்டை குடித்த நண்டைத் திரும்பத் தண்ணீரில் விட முடியாது, மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. அதனால் வருவது நிச்சயம் என்று தெரிந்தவருக்குத்தான் ஊற்றுவார்கள். வழியில் போகிறவன் உள்ளே வந்து மெத்து நண்டு கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் கரையில் ஒருவர் தட்டில் அது இருந்தால், கடைக்காரி மதியத்திலிருந்தே அவருக்காகக் காத்திருந்தாள் என்று அர்த்தம்.

படகுத் தச்சன் சில்வானோ நண்டு சீசனில் தினமும் உள்ளே நுழையும்போதே கேட்பான். "இன்னைக்கு யாருக்கும்மா முட்டை?"

"உனக்கில்லை. உன் பொண்டாட்டி என்ன வச்சிருக்காளோ அதைப் போய்த் தின்னு" என்பாள் நீவெஸ். கடையே சிரிக்கும். அண்ணன் மட்டும் கிளாஸைப் பார்ப்பார்.

தவக்காலம் நாலாவது வெள்ளி. விடியற்காலையில் அண்ணன் ஆறு பெரிய நண்டைத் தனியாக எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, நீவெஸ் கடைப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தார். சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது, அந்தப் பருமனில் ஆறு கிடைப்பது பெரிய விஷயம். மதியம் பீடத் துணிகளோடு கோவிலுக்குப் போகும்போது நீவெஸ் கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"எல்தா அக்கா, அண்ணன் போன வாரம் ஏதோ பேசணும்னு சொன்னார். ஆறரைக்குக் கடை நெறைஞ்சிடும், ஒண்ணும் பேச முடியாது. அஞ்சு மணிக்கு வரச் சொல்றீங்களா? நான் ரெண்டு மணிக்கே முட்டை ஊத்திடறேன்."

காதோரம் சிவந்திருந்தது அவளுக்கு. நாற்பத்தைந்து வயதில். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதினால் பொய். அண்ணன் மூன்று மணிக்குச் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தார், நான் அவர் முன்னால் நின்று பித்தானைத் தைத்துக் கொடுத்தேன். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் கல்யாணம் செய்துகொண்டால் நான் யாருக்குத் தட்டு வைப்பது என்று மட்டும்தான் நினைத்தேன். அவர் மறுபடியும் பெட்டி பார்க்கப் போனார். ஐந்து மணி அடித்தது. நான் கோவிலில் உட்கார்ந்து அந்த மணியை எண்ணினேன்.

சிலுவைப்பாதை முடிந்து வழக்கம்போல ஆறரைக்குப் போனோம். எங்கள் ஜன்னலோர மேசையில் பாத்திஸ்தா உட்கார்ந்திருந்தார். காய்கறித் தோட்டங்கள் இருக்கிற சாந்தெராஸ்மோ தீவிலிருந்து படகில் காய் கொண்டுவருகிறவர், மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர். அவர் முன்னால் தட்டு. தட்டில் ஒன்றரை நண்டு மிச்சம். பாதியாகக் கடித்த நண்டின் உள்ளே மஞ்சள் முட்டை திரண்டு நின்றது.

"வாங்க ஓரெஸ்தே, உங்க நண்டுதானாம்" என்றார் பாத்திஸ்தா. "தின்னா இப்படித் தின்னணும். அம்மணி கை ராசிக்கே நான் தினமும் காய் எறக்கலாம் போலிருக்கு."

நீவெஸ் அண்ணனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "வந்துட்டீங்களா" என்றாள், அவ்வளவுதான். கிளாஸ் வந்தது. அன்றைக்குக் கேட்ட பிறகு வந்தது. அண்ணன் நின்றபடியே குடித்துவிட்டு வெளியே நடந்தார்.

கரையோரமாகப் பாதி தூரம் போன பிறகுதான் பேசினார். "என் நேரம் ஆறரைன்னு அவளுக்குத் தெரியும். அந்த நண்டு மூணரை மணி நேரமாவது குடிச்சிருக்கு. எனக்குன்னா நாலு மணிக்கு ஊத்தினா போதும், ரெண்டு, ரெண்டரைக்கே ஊத்தியிருக்கா. அப்ப யார் வருவான்னு ஊத்தினா?"

நான் ஓரடி பின்தங்கி நடந்தேன்.

"நான் கொடுத்த ஆறு" என்றார்.

மறுநாளிலிருந்து நண்டெல்லாம் ரியால்தோ சந்தைக்குப் போயிற்று. ஒயின் கடைப் பக்கம் அவர் திரும்பவில்லை. அவளும் ஆள் அனுப்பவில்லை. சொல்லி அனுப்பியும் வராத மனுஷன், வந்தபோது தங்கையோடு ஊர்வலம் மாதிரி வந்த மனுஷன் என்று அவள் நினைத்திருப்பாள். நடுவில் இருந்த ஒரே சொல் என் வயிற்றுக்குள் இருந்தது.

ஆண்டவர் மன்னிக்கட்டும், முதல் வாரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வெங்காயத்தை மெலிசாக, காகிதம் மாதிரி அரிந்தேன். வெள்ளிக்கிழமை நானே நண்டுக்கு முட்டை ஊற்றிப் பொரித்தேன். அண்ணன் நாலு தின்றார், நல்லா இருக்கு என்றார், மீதியைத் தள்ளி வைத்தார். தட்டைத் துடைக்கவில்லை. தெருவில் பேச்சு வேறு வந்தது. பாத்திஸ்தா வாரம் மூன்று நாள் அங்கே உட்காருகிறாராம், மாற்கு திருநாளைக்கு ரோஜா மொட்டோடு வந்து கேட்கப்போகிறாராம். எங்கள் ஊரில் அந்த நாளில் ஆண்பிள்ளை தன் மனசுக்குப் பிடித்தவளுக்கு ஒரு சிவப்பு மொட்டு கொடுப்பான். அம்மா இருக்கும்வரை அண்ணன் அம்மாவுக்குக் கொடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் எனக்கு.

சில்வானோ ஒருநாள் படகுத்துறையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு, "என்ன நண்டுக்காரரே, காய்க்காரர் உங்க மேசையிலே வேர் விட்டுட்டாரு, பார்த்தீங்களா" என்றான். அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பெட்டியை இழுத்துப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஓடு கழற்றின நண்டு மூன்றை மற்றதெல்லாம் சேர்ந்து தின்று, காலும் தோலுமாக மிச்சம் விட்டிருந்தன. பத்து மணிப் பார்வையை மறந்திருக்கிறார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. தண்ணீரில் கையை விட்டு அந்தக் கால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், பொறுக்கி என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமைப்பட்டேன் சாமி என்றேன். யார்மேல் என்றும் சொல்லவில்லை, என்ன செய்தேன் என்றும் சொல்லவில்லை. பங்குச் சாமியாருக்கு அன்றைக்கு வரிசை நீளம், மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லி முடித்தும் பாரம் இறங்கவில்லை. மறைத்துச் சொன்ன சங்கீர்த்தனம் எப்படி இறக்கும்?

உயிர்ப்புத் திருநாள் பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்தார்கள். பாவத்தை மறைத்துவிட்டு அதை வாங்கக் கூடாது, நான் எழவில்லை. நானே துவைத்துக் கஞ்சி போட்ட துணி பீடத்தில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "உடம்பு சரியில்லையா?" என்றார்.

கரையில் கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றேன். பிறகு சொன்னேன். நீவெஸ் மதியம் கூப்பிட்டது, ஐந்து மணி, இரண்டு மணிக்கு முட்டை. எல்லாம்.

அண்ணன் வெகு நேரம் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு மணின்னா சொன்னா?"

"ஆமா அண்ணே."

"அப்ப முட்டை எனக்கா?"

"உனக்குத்தான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பெட்டி பார்க்கப் போய்விட்டார், திருநாள் உடுப்போடேயே. அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சில்லை. செவ்வாய்க்கிழமை நானே கேட்டேன், போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று.

"போய் என்னன்னு சொல்ல?" என்றார். "என் தங்கச்சி வேணும்னே மறைச்சுட்டான்னு கடையிலே நின்னு சொல்லவா? அதுக்கு நான் நண்டோடேயே இருந்துடறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பேரைக் காப்பாற்ற என் பேரைக் கெடுக்க மாட்டார். மறுநாள் மாற்கு திருநாள். பாத்திஸ்தா மொட்டோடு வந்துவிடுவார். நான் போகாவிட்டால் வேறு யாரும் போகப்போவதில்லை.

காலைப் பூசை முடிந்த கையோடு போனேன். நீவெஸ் மேடைமேல், சமைத்துத் தின்கிற ஆர்ட்டிசோக் மொட்டுகளை ஒரு கூடை பரப்பி, வெளி இதழ்களை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு செடிக்கு ஒன்றே ஒன்று வருகிற முதல் மொட்டு, ஊதா நிறம், விரல் நீளம்தான். அதை வெட்டினால்தான் மற்றது வரும். பாத்திஸ்தா வீட்டுத் தோட்டத்தில் அந்த வருஷம் வெட்டின முதல் கூடை. என்னவென்று சொல்வது, அத்தனை அழகாக இருந்தது.

நின்றபடியே சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, அன்றைக்கு அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நாலரைக்கே வந்து நின்றிருப்பார் என்றேன்.

நீவெஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "மறந்துட்டீங்களாக்கா?"

"இல்லை."

மேடையில் கிடந்த இதழ்களைக் கையால் கூட்டினாள். பிறகு, "நான் ஆறு மணி வரைக்கும் வாசலைப் பார்த்தேன்" என்றாள். "முட்டை குடிச்ச நண்டைத் திரும்பக் கால்வாயிலயா விட முடியும்? யார் முதல்ல வந்தாங்களோ அவங்க தட்டுல போட்டேன். அழுதுகிட்டே பொரிச்சேன், உப்பு அதிகமாயிருக்கும். அந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியலை."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா" என்றாள். "அஞ்சு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவர் தட்டுல நீங்க முள் எடுத்து வைக்கிறதைப் பார்த்துக்கிட்டே நிக்கறேன். அந்த முள்ளை நான் எடுக்கணும்னு எவ்வளவு எரிஞ்சிருக்கேன் தெரியுமா? உங்க மூஞ்சியிலே ஒயினை ஊத்தலாம்னுகூட ஒருநாள் தோணிச்சு."

என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் சொல்லக் கேட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது, அதையும் மறைக்கவில்லை.

அவள் கூடையை ஓரமாகத் தள்ளினாள். "முட்டை இருக்கு. நண்டுதான் இல்லை. உங்க அண்ணன் எனக்கு அனுப்பறதில்லையே."

பெட்டிகள் கட்டியிருந்த இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அண்ணன் தண்ணீரில் கை விட்டபடி இருந்தார்.

"அண்ணே, ஆறு நண்டு கொடு. நல்லதாப் பார்த்து."

"எதுக்கு?"

"நீவெஸ் ரெண்டு மணிக்கு முட்டை ஊத்தணுமாம். அஞ்சு மணிக்கு வரணுமாம். இந்தத் தடவை சொல்லிட்டேன்."

அவர் குனிந்து ஒவ்வொரு நண்டாக எடுத்து, முதுகை விரலால் அமுக்கிப் பார்த்து, போட்டு, வேறு எடுத்தார். ஆறு நண்டு எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஐந்து மணிக்கு அவர் மட்டும் போனார். கையில் சின்னக் காகிதச் சுருள் இருந்தது, அதன் நுனியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அந்த வருஷம் எனக்கு மொட்டு வரவில்லை. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு என்னால் இருக்க முடியாமல், ஆறு மணிக்கு நானும் போனேன். உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரோரம் நின்றேன்.

இரண்டு பேரும் எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீவெஸ் கடை திறந்திருக்கும்போது உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். என் அண்ணன், பேசிக்கொண்டிருந்தார்.

பாத்திஸ்தா அப்போதுதான் வந்தார். திருநாள் கோட்டு, கோட்டுப் பொத்தானில் மொட்டு. உள்ளே நுழைந்து மேடையில் கை வைத்தவர், மேசையில் இருந்த தட்டைப் பார்த்தார். கடித்த நண்டின் மஞ்சளைப் பார்த்தார். காயல்காரர், முட்டை எத்தனை மணிக்கு, யாருக்காக ஊற்றியது என்ற கணக்கு அவருக்கும் தெரியும். தானே பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துவிட்டு, காசை மேடைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார். "அன்னைக்குக் கொஞ்சம் உப்பு அதிகம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகில் இறங்கினார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அக்டோபரில் யூபேமியா அம்மாள் கோவிலில் கல்யாணம். பீடத் துணிக்கு நான்தான் கஞ்சி போட்டேன். நீவெஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வயதில் எனக்குச் சின்னவள், ஆனாலும் அண்ணி. அந்தச் சொல் என் வாயில் வர மூன்று மாதம் ஆயிற்று. அவள் இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமை ஆறரைக்கு அதே ஜன்னலோர மேசை. கடைக்காரி பெண்டாட்டியானபிறகும் அண்ணன் கிளாஸ் முதலில் வருகிறது, என் கிளாஸ் பின்னால் வருகிறது. என் கண் முதலில் எண்ணுவது அவர் தட்டைத்தான். இதைச் சாமியாரிடம் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன், இப்போதெல்லாம் முழுசாகச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு ஆறு நண்டு, எனக்கு ஐந்து. அவர் ஒன்றை முள்கரண்டியால் தூக்கி என் தட்டில் வைத்தார். மேடைக்குப் பின்னாலிருந்து நீவெஸ் பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து எங்கள் மேசையருகில் நின்றாள்.

"அடுத்த வாரம் உங்களுக்கு நானே ஏழு வைக்கறேன்க்கா" என்றாள். "அவர் தட்டுலருந்து எடுக்க வேணாம்."